சிறந்த பூச்சி நஃபீசா

குரோம்பேட்டையில் டிசைன் கடை வைத்திருக்கும் நஃபீசாவுக்குப் பூச்சி என்றால் பயம். கரப்பான் ஒன்று ஓடினால் போதும், நாற்காலி மேல் ஏறி நின்றுவிடுவார். அவரைத்தான் தாம்பரம் வட்டாரமே மூன்று வருடமாகப் பூச்சி ஒழிப்பு நிபுணர் என்று கொண்டாடுகிறது. எல்லாம் ஒரு நாற்காலியால் வந்த வினை.

கல்யாணப் பத்திரிகையோ கடைப் பலகையோ, நஃபீசா கைபட்டால் எழுத்துக்கே ஒரு களை வந்துவிடும். என்ன பிரயோசனம்? ஆர்டரெல்லாம் வணிக வட்டத்து ஆட்களுக்குத்தான் போயிற்று. செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு ஒரு ஹோட்டல் மாடியில் பொங்கலும் வடையுமாகக் கூடும் வட்டம் அது. நாற்பது பேர், நாற்பது தொழில், ஒரு தொழிலுக்கு ஒரே நாற்காலி. ஒருவர் நாற்காலியின் வேலையில் இன்னொருவர் தலையிடக் கூடாது என்பது விதி. தங்களுக்குத் தெரிந்த வாடிக்கையாளரை ஒருவருக்கொருவர் கைகாட்டி விடுவார்கள், அதற்கு ரெஃபரல் என்று பேர். வெளியே நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியேதான்.

மூன்று வருடம் கழித்து வரும் அந்த வட்டத்தின் பத்தாம் ஆண்டுக்குப் புதுச் சின்னம் வரப்போவதாகவும், அது நாற்பது பேரின் கடைப் பலகையிலும் ஏறப்போவதாகவும் நஃபீசாவுக்குச் சேதி வந்தது. அதைத் தான்தான் வரைய வேண்டும், ஓரத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். அதற்காகவே சேரப் போனார்.

டிசைன் நாற்காலியில் பரணி என்பவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். காலியாக இருந்தது பூச்சி ஒழிப்பு மட்டும். வட்டத்தின் தலைவர் மாணிக்கவேல் திருமுடிவாக்கத்தில் போல்ட் செய்கிறவர், எதையும் முறுக்கிப் பொருத்திவிடலாம் என்று நம்புகிறவர்.

“பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறதில்லையா, அந்த மாதிரிதான் மேடம். மொதல்ல உக்காருங்க. ஜன்னல் சீட்டு காலியானா மாறிக்கலாம்” என்றார்.

நஃபீசா உட்கார்ந்தார். வாராவாரம் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். பூச்சியைப் பற்றி என்ன பேசுவது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பெட்டி படுக்கையோடு ஊரைக் காலி செய்யும் ஒரு கரப்பானை வரைந்து காட்டினார். மாடியே குலுங்கிச் சிரித்தது. மறுநாளிலிருந்து செம்பாக்கம் ஏரிக்கரை வீடுகள் முழுக்க அவரைத்தான் கூப்பிட்டன. பாவம், அவர் என்ன செய்வார்? எந்த வட்டத்திலும் சேராமல் மருந்து அடித்துக்கொண்டிருந்த ஜோஷ்வாவை அனுப்பினார். வேலை ஜோஷ்வாவுக்கு, பேர் நஃபீசாவுக்கு. மூன்றாம் வருடம் கேடயமே கொடுத்தார்கள். கேடயத்தை வடிவமைத்த பரணி ஒரு சொல்லை விழுங்கிவிட்டதால் அதில் ‘சிறந்த பூச்சி நஃபீசா’ என்று இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

அப்புறம் பரணி கோயம்புத்தூருக்குக் குடிபோனார். ஜன்னல் சீட்டு காலி. நஃபீசா ஜோஷ்வாவைக் கையோடு அழைத்துப் போய், பூச்சிக்கு இவர், டிசைனுக்கு நான் என்றார். மாணிக்கவேல் லேப்டாப்பைத் திறந்தார்.

“பூச்சில உங்குளுக்கு எரநூறு ரெஃபரல் கீது மேடம். டிசைன்ல ஒண்ணுகூட இல்ல. எந்த நம்பிக்கைல தர்றது?”

காலியாக இருப்பது டிசைன், புதிதாக வந்திருப்பவர் ஜோஷ்வா. கணக்கு சரியாகப் பொருந்திவிட்டது. ஜோஷ்வாவை டிசைன் நாற்காலியில் உட்காரவைத்து, பத்தாம் ஆண்டுச் சின்னத்தையும் அவர் தலையிலேயே கட்டினார்கள்.

அன்று மதியமே ஜோஷ்வா கடைக்கு வந்து நின்றார். ஸ்கேல் வைத்தால்கூடத் தனக்குக் கோடு கோணலாகப் போகும் என்று கையைப் பிசைந்தார். நஃபீசா துரத்திவிட்டிருக்கலாம். ஆனால் வரைய வேண்டும் என்று கை அரித்தது. நாற்பது நாற்காலிகள் கைகோத்து நிற்கும் ஒரு வட்டத்தை மூன்றே நாளில் வரைந்து முடித்தார். ஓரத்தில் தன் பெயரைப் போட விதி இடம் தராது. அங்கே அரிசி அளவில் ஒரு கரப்பானை வரைந்தார், கையில் பெட்டியோடு.

சின்னத்தின் திறப்பு விழாவில் கைதட்டல் அடங்கவே இல்லை. ஜோஷ்வா வியர்த்து வழிந்தார். மாணிக்கவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சின்னத்தின் அருகே குனிந்தார்.

“ஓரத்துல இன்னா ஜோஷ்வா, கரப்பானா?”

“அது என் கேட்டகிரி இல்ல சார்” என்றார் ஜோஷ்வா.

விதிப்படி அது சரிதான். எல்லாத் தலைகளும் நஃபீசா பக்கம் திரும்பின. கரப்பானை எடுத்துவிடும்படி மாணிக்கவேல் அவரிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டு, வழக்கப்படி ஒரு நிமிடம் கொடுத்தார்.

நஃபீசா எழுந்தார். அத்தனை நாள் சேர்ந்த கோபம் இருந்தது. ஆனாலும் நிதானமாகத்தான் பேசினார்.

“அது இத வரைஞ்சவ பேரு சார். அதுக்கு மருந்து கிடையாது. போகாது.”

பூச்சி விஷயத்தில் பூச்சி நாற்காலி சொல்வதே முடிவு, மற்றவர் வாய் திறக்கக் கூடாது. மாணிக்கவேல் தீர்மானப் புத்தகத்தில் ‘ஒழிக்க இயலாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்குத் தாம்பரம் வட்டாரத்தில் நாற்பது பலகைகளிலும் அது பெட்டியோடு நிற்கிறது. எங்கும் போவதாக இல்லை.