தட்டு பறந்த வீடு

வியாழக்கிழமை எனக்கும் ஜமீலா அக்காவுக்கும் பள்ளிக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் முறை. அதனால் அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக இரண்டு பேருக்கு அரிசி களைந்தேன். உலை கொதிப்பதற்குள் ஜமீலா அக்காவின் கணவர் போன் செய்தார். "ஜமீலா மவுத்தாயிட்டா, டீச்சர். தூக்கத்துலயே உசிரு போயிடுச்சு." களைந்த அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

குவைத்தில் ஃபஹாஹீல் பள்ளியில் எங்களுக்கு அடுத்தடுத்த நாற்காலிகள். அவர் சரித்திரம், நான் தமிழ். அவருடைய வாப்பா நாகூர்க்காரர், உம்மா பினாங்கு மலாய்ப் பெண்.

மலாய்க்காரர்களைப் பற்றி அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பயணிகள் எழுதியவற்றை அக்கா தேடித் தேடிப் படிப்பார். ஒருவர் சோம்பேறிகள் என்று எழுதியிருப்பார். இன்னொருவர் மரியாதை தெரிந்த சாதுக்கள் என்று. மூன்றாமவர் திடீரென்று கத்தி எடுக்கும் வெறியர்கள் என்று. அக்கா சிரிப்பார். "மூணு பேரும் பார்த்தது ஒரே ஆளத்தான், ஸ்டெல்லா. பெட்டி தூக்க மாட்டேன்னான், சோம்பேறி. தூக்கினான், சாது. அடிச்சப்ப திருப்பி அடிச்சான், வெறியன். எழுதினவன் அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தான்? அது மட்டும் எங்கேயும் இருக்காது."

ஒருமுறை கணக்கு டீச்சர், "உங்களுக்கு உம்மா வழி ரத்தம், அதான் கோபமே வர்றதில்ல" என்று பாராட்டினார்.

"நேத்து எங்க வீட்டுக்கு வந்திருக்கணும் நீங்க" என்றார் அக்கா. " படிக்கிற புள்ளைக்கு, என்னைக் கேக்காம எங்க வீட்டுக்காரர் மாப்பிள்ளை பேசிட்டு வந்தாரு. என் கையிலேர்ந்து ரெண்டு தட்டு பறந்துச்சு. கல்யாணப் பேச்சு அதோட முடிஞ்சுது, கலாஸ்!"

அக்கா இறந்த அன்று அவர் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பூ மாதிரி மனுஷி என்றார்கள். அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்றார்கள். பினாங்கிலிருந்து அக்காவின் உம்மா போனில் மலாயில் அழுதார். அக்காவின் மகள் உட்பட எங்களில் யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. "பாருங்களேன், அழுகைகூட எவ்வளவு மெதுவா" என்றார் ஒருவர். மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். மய்யித்து கிடக்கிற வீட்டில் எதைச் சொல்வது? அந்தத் தாய் என்ன சொல்லி அழுதார் என்று எனக்கும்தான் தெரியாது. போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஞாயிறன்று பள்ளியில் இரங்கல் கூட்டம். அக்காவின் குணத்தைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் குணம் என்று ஒன்றும் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். எழுதுகிறவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள்? அவரோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது அங்கிருந்து பார்த்தது மட்டும்.

இந்தப் பக்கத்தையே வாசிக்கப் போகிறேன். முன்வரிசையில் அவர் கணவர் இருப்பார், பக்கத்தில் மகள். தட்டு பறந்ததை வாசிக்காமல் விடப்போவதில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.