ஈரலில் ஒரு கட்டி

காரைக்குடியில் ஸ்கேன் டாக்டராக இருக்கும் எனக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். அந்த வாயால் ஒரு தம்பதியை முழுசாக ஒரு நாள் அழவைத்திருக்கிறேன்.

வலையபட்டிப் பக்கத்து விவசாயி அவர். மனைவி கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்கிறவர். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையே கிருமியோடு சண்டை போடும் தெம்பையும் குறைத்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு உள்ளே பெரிதாக ஏதாவது நடந்தாலும் வெளியே லேசான காய்ச்சல்தான் தெரியும். அவருக்கும் பத்து நாளாக அப்படித்தான்.

வயிற்றில் ஜெல்லைத் தடவி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். கல்லீரலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கருவட்டம். "ஈரல்ல கட்டி இருக்கு" என்றேன். சீழ் பிடித்தாலும் கட்டிதான், கேன்சரும் கட்டிதான். நான் நினைத்தது முதலாவதை. அவர்கள் காதில் விழுந்தது இரண்டாவது. கூட நின்ற மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்தாவது விளக்கியிருக்க வேண்டும். "ஊசியால எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும், நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். உண்மையில் எனக்கும் முழு நிச்சயம் இல்லை. இந்த மாதிரி உடம்பில் இரண்டுமே வரலாம். படம் பாதிதான் சொல்லும்.

மறுநாள் மரத்துப்போக மருந்து போட்டு, திரையைப் பார்த்தபடியே ஊசியை அந்த வட்டத்துக்குள் இறக்கி இழுத்தேன். சிரிஞ்சில் கெட்டியாக மஞ்சள் ஏறியது. "சீழ்! சீழ்தான்!" என்று கத்தியேவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. சீழை எடுத்து மருந்து கொடுத்தால் ஆறிவிடுகிற சமாச்சாரம்.

கதவோரம் நின்ற மனைவி, "அப்ப கேன்சர் இல்லையா?" என்றார். இல்லை என்றதும் ஓவென்று அழுதார். அழுதுகொண்டே என்னைத் திட்டினார். "சீழ்க்கட்டின்னு நேத்தே சொல்லிருந்தா கொறஞ்சா போயிருவீக, டாக்டரம்மா?"

தப்புதான் என்றேன்.

படுத்திருந்தவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இல்ல. சாகப்போறோமேன்னு நேத்து தம்பிக்குப் போனப் போட்டுட்டேன். வரப்புச் சண்டையில பன்னெண்டு வருசமா பேச்சே கிடையாது. அழுதான். கோயமுத்தூருல பஸ் ஏறிட்டான்."

"நல்ல சேதிதானே, தம்பிகிட்டயும் சொல்லிருவோம்" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

அவர் எட்டி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பச் சொல்லிராத. பாதி வழியில எறங்கித் திரும்பிருவான். வந்து சேரட்டும்."