சாப்பாட்டு நேரத்துப் பாட்டு

தொண்ணூறுகளில் ஹம்பேர்க்கில் தமிழ்க் கல்யாணம் என்றால் பெரும்பாலும் எங்கள் இசைக்குழுதான். நான் கிற்றார். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே வாசிப்பேன். ஆனால் வாசித்ததெல்லாம் சினிமாப் பாட்டு. எனக்கு அலுத்துவிட்டது.

நான் வேலை செய்த உணவகத்தில் ஓர் அர்ஜென்டினாக்காரர் பாத்திரம் கழுவினார். அவருடைய கசெற்றில் எந்நேரமும் ஒரே ரொக் குழு. சில வருடங்களிலேயே உடைந்துபோன குழுவாம். ஆனாலும் தன் ஊரில் கிற்றாரைத் தொடுகிறவன் எவனும் அவர்களுடைய பாட்டில்தான் தொடங்குவான் என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னார். எல்லாம் அவர்களே எழுதிய பாட்டு. எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் ஒன்று கட்டினேன்.

கீபோர்ட் வாசிக்கும் அண்ணைதான் எங்கள் குழுத் தலைவர். அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் கிடக்கு. ஆனா சனம் படப்பாட்டுக் கேக்கத்தான் வருகுது. உந்தப் பாட்டைப் போட ஏலாது."

"ஒருக்காப் போட்டுப் பாப்பம் அண்ணை."

"சரி, சாப்பாட்டு நேரம் போடுவம். அப்ப ஒருத்தரும் கேக்காயினம்."

அடுத்த கல்யாணத்தில் வாசித்தோம். அவர் சொன்னதுதான் நடந்தது. சனம் சோற்றுக்கு வரிசையில் நின்றது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கோபம் மாதிரிக் காட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் குழு உடைந்தது. பாடகர் பாரிசுக்குப் போனார், அண்ணை கடை திறந்தார். உடைவதிலாவது உங்கள் ஆட்களை எட்டிப் பிடித்துவிட்டோம் என்று அர்ஜென்டினாக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பொறு" என்றார்.

எங்கள் சனத்தின் கல்யாண வீடியோக்களில் மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டுப் படப்பாட்டை ஏற்றுவதுதான் வழக்கம். சாப்பிடுகிற இடத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தக் கல்யாணத்து வீடியோக்காரர் அங்கே மட்டும் சத்தத்தை அப்படியே விட்டிருக்கிறார். அந்த வீடியோக் கசெற் உறவுக்காரர் கைமாறிக் கனடாவரை போயிருக்கிறது. இதெல்லாம் சில வருடங்கள் கழித்து டொரொன்டோவிலிருந்து மச்சாள் தொலைபேசி எடுத்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

"இஞ்ச ஒரு கலியாணத்தில புது இசைக்குழுப் பெடியள் ஒரு பாட்டுப் போட்டவங்கள். சனம் எழும்பி ஆடினது! உங்கட பக்கத்துக் கலியாண வீடியோவில கேட்டுப் பழகினதாம். அது என்ன படம்?"

முணுமுணுத்துக் காட்டினாள். 

"படமில்லை. அது என்ர பாட்டு."

"சும்மா பகிடி விடாதேங்கோ!"

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுக் கிற்றாரை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். மறுபடி காதில் வைத்தபோது மச்சாள் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஓம், இதுதான்! இதேதான்!"