சாம்பலில் வந்த சிலிண்டர்

கிணற்றங்கரை இன்ஜின் சூடாகிவிட்டது என்று, வெயிலில் வந்த மாட்டைக் கழுவுவதுபோல அதன்மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார் பாவா, என் அக்காள் புருஷன். சிலிண்டர் விரிசல் விட்டுவிட்டது. சொர்ணவாரிப் பட்டத்து நெல் கதிர் விடும் நேரம். யுத்தகாலத்தில் புது சிலிண்டர் சென்னையிலும் கிடைக்காது. பாவாவை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவரும் நானும் சிலிண்டரை அரக்கோணம் கொண்டுபோனோம். பட்டறைக்கார பாய் அதைக் கரிநெருப்பில் காய்ச்சி, விரிசலை கேஸ் வெல்டிங்கில் அடைத்து, தகரப்பெட்டியில் உமிச்சாம்பலுக்குள் புதைத்தார்.

"நாளைக்கு எடுத்துக்கினு போங்க. ஆறுறதுக்குள்ள காத்து பட்டாலும் தண்ணி பட்டாலும் டிக்குனு சத்தம் வரும். அது கேட்டுச்சின்னா மறுபடி விரிசல் வுட்டுட்சின்னு அர்த்தம், திரும்ப என்னாண்ட வராதீங்க."

நைனாவுக்கு நாளைவரை பொறுமை ஏது? பெட்டியோடு ரயில் ஏறிவிட்டார். தண்டவாளத்தில் சக்கரம் தட்டும்போதெல்லாம் நான் பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தேன்.

திருத்தணியில் இறங்கினால் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். வண்டி எதுவும் நகரவில்லை. பெட்டியைக் கழியில் கட்டி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் தூக்கினோம். காற்று புகாமலிருக்க நைனா அதன்மேல் ஒரு துணி வாங்கிச் சுற்றினார். அன்றைக்குக் கடையில் விற்றது மஞ்சள் துணி மட்டும்தான். இடுக்கில் கொட்டிய சாம்பல் எங்கள் உடம்பெல்லாம் அப்பியிருந்தது.

காவடி எடுத்து வருகிறவர்களின் காலில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு அம்மாள் குடத்தோடு எதிரே வந்தாள்.

"வேணாம்மா," என்றார் நைனா. கூட்டத்து இரைச்சலில் அது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் ஊற்றிவிட்டாள். தண்ணீர் தெறித்துவிடுமோ என்று நைனா கழியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குதித்தார். நானும் குதித்தேன்.

"சாமிக்கு அருள் வந்துட்சி," என்றாள் அவள். உடனே இன்னும் நாலு பேர் குடத்தோடு ஓடிவந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விபூதி குடுங்க சாமி. இன்னா வேண்டிக்கினு எடுத்தீங்க?" என்று கேட்டாள் முதலில் ஊற்றியவள்.

பெட்டியைத் திறக்கச் சொல்வார்களோ என்று நைனாவுக்குப் பயம். தன் கையில் படிந்திருந்த சாம்பலைத் தொட்டு அவள் நெற்றியில் இட்டார்.

"பயிரு காயக்கூடாதுன்னும்மா."

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மற்றவர்களையும் விலக்கி எங்களுக்கு வழிவிட்டாள்.

மறுநாள் சிலிண்டரைப் பூட்டி இன்ஜினை ஓட்டினோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நைனா பெட்டிச் சாம்பலைக் கொஞ்சம் எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். பாவாவுக்கும் பூசிவிட்டார். நான் மட்டும் அறுப்பு முடியும்வரை பாவாவோடு பேசவில்லை.