குளவி கொட்டிய முகம்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வருகை பதியும் கைபேசி என் முகத்தை மூன்றாம் முறையும் ஏற்கவில்லை. நேற்றுக் கொழுந்து மலையில் குளவி கொட்டிய வீக்கம். திரையில் தெரிந்தது அம்மாவின் முகம்.

எனக்கு எட்டு வயதில் அம்மாவையும் கொட்டியது. சுண்ணாம்பு அப்பிய அந்த முகத்தைக் கண்டு நானே அலறி ஓடினேன். மறுநாள் பனிக்குள், இடுப்பில் சுற்றிக் கட்டிய ஈரப் படங்குச் சாக்கு நாற, அம்மா வரிசையில் நின்று வழக்கம்போல் இருமினாள். கங்காணி நிமிரக்கூட இல்லை. "மீனாச்சி வந்துட்டா, பேர் போடுங்க" என்றார்.

"வீட்டுல அரிசி இல்லைங்கய்யா. நான்தான்னு தெரியலையா?" என்று கைபேசியைப் பிடித்திருந்த கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன்.

அவர் தலைகுனிந்தார். "எனக்குத் தெரியுது செல்வி. போனுக்குத் தெரியலையே. வீக்கம் வத்துனதும் வா."

கைபேசிக்கு முன்னால் நின்று, அம்மாவைப் போலவே இருமிப் பார்த்தேன்.