ஓட்டுக் கேட்காத செயலாளர்

வண்ணார்பேட்டையில் சீவலப்பேரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப்பின் இப்போதைய கேப்டன். "சார், சுப்பையா அண்ணாச்சி காலைல போய்ட்டாவ. நினைவுக் கூட்டத்துக்கு நீங்கதான் எழுதி வாசிக்கணும்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றான். சரி என்றேன். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கவில்லை. கலங்கியது என்று எழுதினால், அவரையும் என்னையும் தெரிந்த நீங்களே சிரிப்பீர்கள்.

அவருக்கு வீடு திருநெல்வேலி டவுனில். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். சாயங்காலம் ஆனால் டவுன் பஸ் பிடித்து எங்கள் மைதானத்துக்கு வந்துவிடுவார். எங்கள் கிளப்பின் செயலாளர் அவர், அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வந்தார். இதையெல்லாம் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் எங்களுக்காகத்தான் வந்தாரா என்ற சந்தேகம் இன்றும் எனக்குத் தீரவில்லை.

ஏனென்றால் அவர் மனது முழுக்க இங்கிலாந்தில் இருந்தது. இளவயதில் ரேடியோவில் கால்பந்து முடிவுகள் கேட்கும்போது, வாராவாரம் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு கிளப்பின் மேல் அவருக்குப் பிடிப்பு வந்துவிட்டது. நான்காம் டிவிஷனில் அடிமட்டத்தில் கிடந்த கிளப். அதன் பேரை நான் எழுத மாட்டேன். எழுதினால் அவர் ஆத்மா சந்தோஷப்படும். மில் தொழிலாளர்கள் ஆரம்பித்தது, மரக் கேலரி தீப்பிடித்து எரிந்தது, சேற்றில் பந்து தேடியது என்று அதன் சரித்திரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். நாங்கள் தண்ணீர் குடிக்க உட்காரும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். எழுந்து போனவனுக்கு மறுநாள் ஆட்டத்தில் இடம் இருக்காது.

எங்கள் கிளப்புக்கும் சரித்திரம் உண்டு. அறுவடை முடிந்த வயலில், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் மூங்கில் நட்டு ஆடிய ஆட்டம் அது. என் அப்பாவும் அதில் ஒருவர். ஒருநாள் இதைச் சொன்னேன். "அது வெளையாட்டுவே, கிளப் இல்ல. கிளப்புன்னா ஒரு சட்டதிட்டம் வேணும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்தச் சட்டதிட்டத்தை அவர் எங்கிருந்து கொண்டுவந்தார் என்று நம்மில் பழைய ஆட்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில், கடைசி டிவிஷனில் கடைசியாக வந்த கிளப்புகள் மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்டுத்தான் அடுத்த வருடம் ஆட முடியுமாம். அவருடைய கிளப் பலமுறை கேட்டுப் பிழைத்திருக்கிறது. இவர் அதை அப்படியே எங்கள் பையன்கள் தலையில் கட்டினார். சீசன் முடிந்ததும் யார் ஆட்டம் ஆக மோசம் என்று அவரே முடிவு செய்வார். அவன் நடுவில் நின்று மற்றவர்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். பாதிக் கைகளாவது எழும்பாவிட்டால் வெளியே. "கேட்டு வாங்குன எடத்தத்தாம்லே மனுசன் ஒழுங்கா வச்சுக்கிடுவான்" என்பார்.

ஒரு வருடம் என் தம்பி இசக்கிமுத்துவை நிறுத்தினார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன். வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சாயங்காலம் அந்தப் பனியனைப் போடும்போது மட்டும்தான் அவன் முகத்தில் ஒரு களை வரும். அந்த சீசனில் காய்ச்சலில் படுத்து எழுந்து ஆடினான், அவன் காலில் பட்டே நம் வலைக்குள் ஒரு கோல் விழுந்தது. நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வெளையாடணும்" என்றான். "கேக்க வேண்டிய மாதிரி கேளுலே, கையக் கூப்பி" என்றார் அண்ணாச்சி. கூப்பினான். யார் கை தூக்குகிறார்கள் என்று அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். அடுத்த வருடம் நடுவில் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? நான் தூக்கினேன், இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். "பத்தாது. பனியனக் கழட்டி வச்சுட்டுப் போ" என்றார். வெற்றுடம்போடு தெரு வழியாக வீட்டுக்கு நடந்தான் என் தம்பி. அன்று எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் அணையவில்லை.

சில வருடம் கழித்து எங்கள் கிளப்பே மாவட்ட லீக்கின் கடைசி டிவிஷனில் கடைசியாக வந்தது. எங்களை நீக்கிவிட்டு, காத்திருந்த திசையன்விளை அணியைச் சேர்க்கலாமா என்று எல்லாக் கிளப் செயலாளர்களும் கூடினார்கள். அண்ணாச்சியையும் என்னையும் கூட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கியது இசக்கிமுத்துதான். அப்போது லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றுகொண்டான். லீக் தலைவர், "சுப்பையா, ஒரு வார்த்த கேளும்வே. எல்லாம் நம்மாளுவதான, கைய தூக்கிருவாவ" என்று எடுத்துக் கொடுத்தார்.

அண்ணாச்சி எழுந்தார். மில் தொழிலாளர்களில் ஆரம்பித்தார். கேலரி எரிந்தது. டீ வந்தது, குடித்து முடித்தோம். கடைசியில் ஒரு வருடம் ஓட்டுக் கிடைக்காமல் அந்தக் கிளப்பை லீக்கை விட்டே துரத்தினார்கள் என்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கேட்கவே இல்லை. "அண்ணாச்சி, கேளுங்க" என்றேன். "யார்ட்ட? இவனுவகிட்டயா? நானா?" என்றார்.

தலைவர் கை தூக்கச் சொல்ல வாயெடுத்தபோது இசக்கிமுத்து உள்ளே வந்தான். கையைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

"ஐயா, நான் இந்தக் கிளப்புல இப்ப இல்ல. வெளிய அனுப்பிட்டாவ. ஆனா எங்க ஊர்ப் பயலுவளுக்கு சாயங்காலம் போவதுக்கு இத விட்டா வேற எடம் கெடையாது. ஒரே ஒரு வருசம் குடுங்க. மறுபடியும் கடேசியா வந்தா, எடுத்துருங்கன்னு நானே வந்து சொல்லுதேன்."

கைகள் எழும்பின. கிளப் பிழைத்தது. இன்று நம் பையன்கள் அங்கே ஆடுகிறார்கள் என்றால் அதனால்தான்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணாச்சி என் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மறுபடி ஆட வா என்று கூப்பிடுவார் என்றுகூட நினைத்தேன்.

"அன்னைக்கே நீ இப்படிக் கேட்டிருந்தா உள்ள இருந்திருப்பலே" என்றார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. இசக்கிமுத்து சிரித்துக்கொண்டே அவரை ஆட்டோவில் பைய ஏற்றித் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். நான் பின்னால் லோடு ஏற்றும் இடத்தில் ஏறிக்கொண்டேன். ஊர் வரும்வரை அவர் அந்த இங்கிலாந்துக் கிளப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். இவனும் ம் கொட்டிக்கொண்டு வந்தான்.

இப்போது அவர் இறந்த பிறகு நான் எடுப்புக்குப் போகவில்லை. அவன் போனான், பாடைக்குத் தோள் கொடுத்தான். ஏம்லே போன என்று சண்டைக்குப் போனேன். "பாவம்ண்ணே, அவருக்குக் கடேசி வரைக்கும் கேக்கத் தெரியலலா" என்றான். அன்று செருப்பு மாட்டும்போது அவர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அப்படியா சொன்னார் என்று என்னையே கேட்டான்.

பெரியவர்களே, நண்பர்களே, போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் என் தம்பியைக் கூப்பிடுங்கள். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஒரு வாக்கியம்தான். அவன் அதை மறந்துவிட்டான். அவனுக்கும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன்.