டீச்சர் திருத்தாத வரி

வெடிக்குழாய் உருட்டுவதற்காகச் சிவகாசி அச்சாபீசுகளில் கழித்துப்போட்ட தாள்கள் மூட்டை மூட்டையாக வரும். ஐம்பது வயது அய்யம்மாள் எழுத்தறியாதவள். அம்புட்டையும் ஈவு இரக்கமில்லாமல் உருட்டித் தள்ளுவாள். ஒருநாள் மட்டும் அவள் கை நின்றது. தாளில் அவள் குமரியாக இருந்தபோது உருகி உருகிப் பார்த்த நடிகையின் முகம். அந்த நடிகை தன் கதையைத் தானே எழுதிய புத்தகமாம். அந்தப் புத்தகத்தின் தாள்களை மட்டும் உருட்டாமல் எடுத்து வைத்தாள்.

அதை வாசித்தே தீரவேண்டும் என்ற வைராக்கியத்தில்தான் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். டீச்சர் அருணாதேவி படு கறார். ஒரு புள்ளியை விட்டு வாசித்தாலும் நிறுத்தித் திருத்துவார். எட்டு மாதத்தில் அய்யம்மாள் எழுத்துக்கூட்டப் பழகிவிட்டாள். ஒரு பக்கத்தில் நடிகை எழுதியிருந்தாள்: "வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் என் வாழ்க்கையையே தின்றுவிட்டது."

அய்யம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆறு வருசத்துக்கு முன்னால், பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அந்தப் பாழாய்ப்போன அறை வெடித்துத்தான் மகள் பாண்டிச்செல்வி செத்தாள். மூன்றாம் நாள் கம்பெனிக்காரர்கள் நீட்டிய தாளில் அய்யம்மாள் அழுதுகொண்டே கைநாட்டு வைத்தாள். அதன் நகல் டிரங்குப் பெட்டியில், மகளின் சேலைக்கு அடியில் கிடந்தது.

மறுநாள் அதை வகுப்புக்குக் கொண்டுபோய் வாசித்தாள்.

"என்... மகளின்... கவனக்... குறைவே... விபத்துக்குக்... காரணம்."

நிமிர்ந்து பார்த்தாள். "தப்பாத்தான வாசிக்கேன், டீச்சர்? எங்கன தப்புன்னு சொல்லுங்க."

ஒரு புள்ளியைக்கூட விடாத டீச்சர், அன்றைக்குத் திருத்தவில்லை.